இடப்பக்கத்து மூன்று வாஷர்

பந்தயத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஜின்சன் வந்து, வண்டியின் எலும்பு உடைந்துவிட்டது என்று அறிவித்தான்.

அறிவிப்பது ஜின்சனுக்குப் பிடித்த வேலை. கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு ஏக்கரில் சாகசப் பூங்கா வைத்திருந்தான். சமவெளிக்காரர்கள் வரிசையில் நின்று பயந்துவிட்டுப் போகிற இடம் அது. நான்கு சங்கங்களுக்கு அவன் தலைவர். அதில் இரண்டில் வேறு உறுப்பினரே கிடையாது என்று சாந்தன்பாறை சாயாக்கடையில் சொல்வார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நல்லமுத்துவின் தகரக் கொட்டகைக்குள் குனிந்து, டார்ச் வெளிச்சத்தை வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஓட்டினான்.

"சேட்டா, ஒரு காரியம் சொல்லட்டே. இந்த ஃபிரேமில நாலு வெல்டிங் உண்டு. இப்போ அஞ்சாவதா ஒரு விள்ளல், விரிசல். பரிசோதனையில இதை நான் பாஸ் ஆக்க மாட்டேன். சேஃப்டியாணு முக்கியம்."

"பந்தயம் நடத்துறதும் நீங்க, பரிசோதிக்கிறதும் நீங்க. ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டா ஆகாதா?" என்றாள் வேலுத்தாய். ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு வந்தவள், இடுப்பில் கட்டியிருந்த சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

"சேச்சி, கண்ணு ரெண்டும் திறந்து வெக்கத்தான் எனிக்கு இந்தப் பதவி."

யார் கொடுத்த பதவி என்று அவள் கேட்கவில்லை. அவன் தயவு வேண்டியிருந்தது. மகள் மோனிஷா அவன் பூங்காவில்தான் நாலு சக்கர பைக் ஓட்டிக் காட்டும் தற்காலிக வேலையில் இருந்தாள். மோட்டார் சைக்கிளின் கைப்பிடி, டிராக்டரைக் குட்டி போட வைத்தது மாதிரி நாலு சக்கரம், நடுவில் ஒரு ஆளுக்கு மட்டும் சீட்டு. பூங்காவுக்கு நிரந்தரப் பயிற்சியாளர்கள் மூன்று பேரை எடுக்கப்போவதாகவும், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் பெண்கள் பிரிவில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர்களுக்கே அந்த வேலை என்றும் ஜின்சன் ஏற்கெனவே மைக்கில் அறிவித்திருந்தான். வராவிட்டால் மோனிஷா ஒன்றாம் தேதி பெங்களூரு போக வேண்டும். படித்த படிப்புக்கு அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து கடிதம் வந்து, டி.வி.க்குப் பின்னால் செருகிக் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்க நேராமல் இருக்க வேலுத்தாய் ஒரு வாரமாக டி.வி.யே போடவில்லை.

நல்லமுத்து தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர். ஐம்பத்திரண்டு வயது. அவனுக்குத் தெரியாத எந்திரம் உலகத்தில் இல்லை என்பது அவனுடைய அபிப்பிராயம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஊரைவிட்டுப் போன தோட்டத்து மேனேஜர் ஸ்டோரில் போட்டுவிட்டுப் போன வண்டி இது. அன்றிலிருந்து ஒரு நட்டைக்கூட வெளியில் வாங்கிப் போட்டதில்லை என்று நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம் சொல்வான். "எல்லாம் ஒரிஜினல்" என்பான், ஏதோ அவனே ஜப்பானில் உட்கார்ந்து வார்த்து எடுத்தது மாதிரி.

இப்போது அந்த ஒரிஜினலுக்கு வெளி ஆள் செய்த ஃபிரேம் போட வேண்டியதாகிவிட்டது. அந்த மாடலுக்கு ஃபிரேம் செய்து தயாராக வைத்திருந்தவனுக்கு மோனிஷா ராத்திரியே போன் போட்டாள்.

*

பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கம் பட்டறை வைத்திருந்த முஸ்தபா, பொள்ளாச்சி, உடுமலை, தேனி சுற்றிப் போடிமெட்டு ஏறி, புதன்கிழமை பதினோரு மணிக்குப் பிக்கப்பில் வந்து சேர்ந்தான். பின்னால் போர்வையில் சுற்றி, பிள்ளை பெற்றவளைக் கூட்டிவருவதுபோல அந்த ஃபிரேமைக் கொண்டுவந்திருந்தான். இறக்கி வைத்துவிட்டு அவன் சொன்ன முதல் வார்த்தை:

"தொட்டுப் பாருங்ணா. இந்தக் குழாய் ஏரோப்ளேனுக்குப் போடறதுங்க."

"ஏரோப்ளேன்ல கியர் பெட்டி மாட்டுறதில்லை பாய். தொளை சரியா இருக்கான்னு சொல்லுங்க."

"நூலளவு பிசகாதுங்க."

"டூப்ளிகேட்டுன்னா கொஞ்சம் முன்னப் பின்னதான் இருக்கும். நான் சரி பண்ணிக்கிடுவேன்."

முஸ்தபாவின் முகம் சுருங்கியது. "டூப்ளிகேட்னு சொல்லாதீங்ணா. வெளி ஃபிரேம்னு சொல்லுங்க. இதை மாட்டி நிப்பாட்டிக் காட்டாம நா ஊட்டுக்குப் போறதில்லைங்க." பிக்கப்பின் சாவியை எடுத்துக் கொட்டகை ஆணியில் தொங்கவிட்டான்.

வெளியே நூல்மழை. மஞ்சு இறங்கி, எதிரே இருந்த தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு தெரியவில்லை. உத்திரத்தில் மாட்டிய செயின் பிளாக்கை மோனிஷா இழுக்க, எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, புது ஃபிரேமுக்குள் இறங்கியது. வலப்பக்கத்து போல்ட் வழுக்கிக்கொண்டு போனது. இடப்பக்கத்து போல்ட் பாதியில் நின்றது.

"இன்னும் கொஞ்சம் தூக்கும்மா."

தூக்கினாள். நின்றது. இறக்கினாள். நின்றது. நல்லமுத்து சுத்தியலை எடுத்தான். முஸ்தபா அவன் கையைப் பிடித்தான்.

"அடிக்காதீங்ணா. எம் மவன் மாதிரிங்க அது."

"அப்ப பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. தொளை மூணு மில்லி தள்ளி இருக்கு."

எஞ்சினை அப்படியே தொங்கவிட்டுவிட்டுப் பின்கையை மாட்டிப் பார்த்தார்கள். பின் சக்கரங்களைத் தாங்குகிற அந்தக் கை, இடப்பக்கத்தில் மூன்று வாஷர் கனத்துக்கு இடித்தது. பழைய வண்டியில் அந்த இடத்தில் மூன்று வாஷர் இருந்தது உண்மை. அடுத்து முன்கை. வலது சரி, இடது எட்டவில்லை. டேங்க் உட்கார்ந்தது, ஆனால் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து யாரையோ விசாரிப்பதுபோல.

நல்லமுத்து கையைத் துணியில் துடைத்தான். ஜின்சனைவிட நிதானமாகத் தீர்ப்புச் சொன்னான்.

"ஃபிரேம் கோணல்."

சாப்பாட்டு நேரம் வந்தது தெய்வச் செயல். வேலுத்தாய் கப்பைக் கிழங்கு வேகவைத்து, மத்திக் குழம்பு வைத்திருந்தாள். "கோழி அடிக்கலாம்னு பாத்தேன் பாய். நாங்க அறுத்தா நீங்க சாப்பிட மாட்டீக. அதான் மீனு" என்றாள்.

"மீனு போதுங்க்கா. ஏனுங்க்கா, உங்க ஊட்டுக்காரரு எப்பவும் இப்படித்தானா?"

"எப்படி?"

"தப்பு எப்பவும் எதிராளி மேலதானுங்களா?"

வேலுத்தாய் அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவளுடைய இடது மணிக்கட்டு லேசாக வளைந்திருந்ததை முஸ்தபா அப்போதுதான் கவனித்தான். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

*

மத்தியானம் முஸ்தபா நூல்கண்டை எடுத்தான். புது ஃபிரேமைச் சமதளமான பலகையில் வைத்து, முன்னிலிருந்து பின்னுக்கு நடுவில் ஒரு நூல் கட்டினான். இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து, அளவைச் சத்தமாகச் சொன்னான். எட்டு இடத்தில் அளந்தும் இரண்டு பக்கமும் ஒரே அளவு.

"இப்ப சொல்லுங்ணா."

நல்லமுத்து குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு, "நூலு தொய்யுது" என்றான்.

மோனிஷா சிரித்துவிட்டாள்.

"பழைய ஃபிரேமுக்கும் அதே நூலைக் கட்டிப் பாப்போம்ப்பா."

"அதுக்கு எதுக்கு? அது ஒரிஜினல்."

ஆனால் மகள் அதற்குள் சுவரோரம் கிடந்த பழைய ஃபிரேமை இழுத்துப் பலகையில் போட்டிருந்தாள். நூலைக் கட்டியதும் அளக்கவே தேவைப்படவில்லை. பழைய ஃபிரேம் இடது கீழ்க்குழாயிலிருந்து உள்பக்கமாக வளைந்து, தூங்குகிற நாயின் முதுகுபோல ஒருக்களித்துக் கிடந்தது.

"பாத்தீங்களா பாய்? ஜப்பான்காரன் வேலை" என்று நல்லமுத்து சட்டென்று சுதாரித்துக்கொண்டான். "மலை வண்டிக்கு ஒரு பக்கம் சாய்வு வச்சுத்தான் செய்வான். வளைவுல பிடிமானம் வேணும்ல? இது டெக்னிக்கு. சும்மா நேரா குழாயை ஒட்டுறவங்களுக்குத் தெரியாது."

முஸ்தபா கொஞ்ச நேரம் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். தொழிலில் மரியாதை உள்ளவன்.

"ஏனுங்ணா, போடிமெட்டுல இருந்து வரப்ப மலை எனக்கு எடது பக்கம் இருந்துச்சுங்க. திரும்பிப் போறப்ப வலது பக்கம் வருமுங்க. ஜப்பான்காரன் போறதுக்கு மட்டும் செஞ்சானுங்களா? வரவே வேண்டாம்னுட்டானா?"

நல்லமுத்து நூலை அவிழ்க்கக் கையை நீட்டினான்.

முஸ்தபா பழைய ஃபிரேமின் வளைந்த இடத்தை விரலால் தடவினான். பெயின்ட்டுக்கு அடியில் ஒரு நீளக் கீறல். கீறலின் பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தான்.

"சுண்ணாம்புங்க. இந்த வண்டி எங்கியோ வெள்ளையடிச்ச கல்லு மேல எடது பக்கமா நல்லா விழுந்துருக்குதுங்க. ஆளோட சேந்து விழுந்துருக்கோணும். வெறும் வண்டி விழுந்தா இத்தனை வளையாது."

வாசலில் கட்டஞ்சாயா டம்ளர்களோடு வந்த வேலுத்தாய் அப்படியே நின்றாள்.

*

வண்டி விழுந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் மூன்று பேருக்குமே நன்றாக நினைவிருந்தது. வண்டி கிடைத்த மூன்றாம் நாள். மோனிஷாவுக்குப் பத்து வயது. கம்பம்மெட்டில் வேலுத்தாயின் அண்ணன் வீட்டில் காதுகுத்து. ஒரு ஆள் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். டேங்க் மேல் மகள், நடுவில் நல்லமுத்து, பின்னால் மடியில் கறிக்குழம்புத் தூக்கோடு வேலுத்தாய். மழை விட்டு வெயில் அடித்தது. ஏலச்செடிகளிலிருந்து ஆவி எழும்பி, பாதை முழுக்கப் பச்சை ஏலக்காய் மணம். வேலுத்தாய் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய்விட்டுப் பாடினாள். என்ன பாட்டு என்று கேட்டால் இன்றைக்கும் மோனிஷா முதல் இரண்டு அடியைப் பாடிக்காட்டுவாள்.

ஓடைக் கலுங்கு வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கல் நட்ட சின்னப் பாலம். அந்தப் பக்கம் தோட்டத்து சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். நல்லமுத்து, பிடித்திருந்த ஒரு கையை எடுத்து, அவருக்கு ஒரு சலாம் வைத்தான்.

அவ்வளவுதான். வண்டி இடப்பக்கக் கல்லில் மோதிக் கவிழ்ந்தது. மகள் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். கறிக்குழம்பு ஓடையில் போனது. வேலுத்தாயின் கை வண்டிக்கு அடியில் இருந்தது. ஓடிவந்தவர்களிடம் நல்லமுத்து, மூச்சு வாங்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் சொன்னான்: "கலுங்கைப் பாத்ததும் இவ பயந்து குதிச்சுட்டா. வண்டி லேசாச் சாஞ்சிருச்சு. வண்டிக்கு ஒண்ணுமில்லை."

அன்றிலிருந்து, காய் நிறுக்கிற இடத்தில் தொடங்கி லயம் முழுக்க, அவள் 'குதிச்ச வேலுத்தாய்'. அந்தத் தோட்டத்தில் இன்னொரு வேலுத்தாயும் உண்டு. ஆகவே பெயர் நிலைத்துவிட்டது. ரேஷன் கடையில் கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வண்டிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதால், அதன்பிறகு ஒன்றுமில்லாதபடியே அதை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சக்கரம் ஒரு பக்கம் இழுத்ததும் முதல் வாஷரைப் போட்டான்; மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மழைக்காலம் அது. இரண்டாவது, அவள் பத்தாம் வகுப்பு எழுதிய வருஷம். அந்த வருஷமே இடது முன்கையை ஒரு விரற்கடை வெட்டி ஒட்டினான். எஞ்சின் துளையை அரம் போட்டு அகலமாக்கியது, ஸ்டோரில் புது உலர்த்தி வந்தபோது. மூன்றாவது வாஷர், அவள் கல்லூரிக்குப் போன அன்று. பஸ் ஏற்றிவிட்டு வந்து, சும்மா இருக்க முடியாமல் போட்டது. இப்படிப் பன்னிரண்டு வருஷமாக, கோணலான எலும்புக்குப் பொருந்தும்படி ஒவ்வொரு ஒரிஜினல் பாகத்தையும் கோணலாக்கியிருந்தான். நேரான ஃபிரேம் ஒன்று வந்து நிற்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"சொல்லிடுப்பா" என்றாள் மோனிஷா. "டேங்க் மேல நான்தான இருந்தேன். நீ கையை எடுத்ததை நான் பாத்தேன்."

நல்லமுத்து பழைய ஃபிரேமையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவேளை ஜப்பான்காரன் காப்பாற்ற வருவான் என்று எதிர்பார்த்தானோ என்னவோ.

"இவ குதிக்கலை பாய்" என்றான் கடைசியில். "நான்தான் கவுத்துட்டேன்."

முஸ்தபா சாயாவை எடுத்துக்கொண்டு பிக்கப்பில் ஏதோ தேடுவதுபோல வெளியே போய்விட்டான்.

வேலுத்தாய் மிச்சமிருந்த டம்ளர்களை ஜாக்கியின் மேல் வைத்தாள்.

"இதை இங்க சொல்லி என்னய்யா செய்ய? தகரத்துக்கும் பாய்க்கும்தான் கேட்டுச்சு. எங்க வச்சு எனக்குப் பேரு விட்டாகளோ அங்க வந்து சொல்லு."

*

வியாழக்கிழமை மத்தியானம், காய் நிறுக்கிற இடத்தில் இருபது பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். நல்லமுத்து வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். தராசுக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினான்.

"அதாகப்பட்டது என்னன்னா, பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி, ஒரு எந்திரக் கோளாறு சம்பந்தமா..."

"ஏய்யா" என்றாள் வேலுத்தாய், வரிசையிலிருந்து.

"...கோளாறு எந்திரத்துல இல்லை. சூப்பர்வைசருக்குச் சலாம் போடப் போயி நான்தான் வண்டியைக் கவுத்தேன். வேலு குதிக்கலை. பொய் சொன்னது நானு."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அவனுக்கு அதுதான் பெரிய அடி. வரிசையில் முதலில் நின்ற கத்தரீனாள், வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"இதைச் சொல்லவா சட்டையை மாத்திட்டு வந்தீக? வண்டியைத் தூக்கி அவ கையை எடுத்து விட்டதே நான்தானண்ணே. குதிச்சவ கை வண்டிக்கு அடியில எப்படிப் போகும்?"

"அப்ப ஏன் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டீக?"

"உங்க மூஞ்சியைப் பாத்தோம். பாவமா இருந்துச்சு."

சிரிப்பு எழுந்தது. வேலுத்தாய் சிரிக்கவில்லை. சாக்கைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரீனாளின் எதிரே வந்து நின்றாள்.

"பன்னெண்டு வருசமா என் மூஞ்சியை ஒருத்தியும் பாக்கலையாடி?"

சிரிப்பு நின்றது. கத்தரீனாள் வெற்றிலையைத் துப்பப் போவதுபோல முகத்தைத் திருப்பினாள். துப்பவில்லை. வேலுத்தாயின் சாக்கைத் தானே தூக்கித் தராசில் வைத்தாள், தன்னுடையதற்கு முன்னால். "மொதல்ல வேலுத்தாய்க்கு நிறுங்க" என்றாள். வெறும் வேலுத்தாய். இன்னொரு வேலுத்தாய் வரிசையின் கடைசியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

*

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. மறைக்க ஒன்றும் இல்லாத ஃபிட்டர் நல்ல ஃபிட்டர். அகலமாக்கிய துளைகளுக்கு ஸ்டோர் லேத்தில் உள்ளே செருகும் புஷ் வளையங்களைக் கடைந்து அடித்தான். டேங்கின் காதைச் சூடுகாட்டி நிமிர்த்தினான். வெட்டி ஒட்டிய இடது முன்கை பந்தயத்துக்கு ஆகாது என்று அவனே சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை முழுக்க முஸ்தபா மிச்சக் குழாயில் புதுக்கை ஒன்று செய்தான். பின்கையிலிருந்து மூன்று வாஷரையும் கழற்றி நல்லமுத்து பெஞ்சில் வரிசையாக வைத்தான். மூன்றாவதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான்.

சனிக்கிழமை காலை போல்ட் எல்லாம் வெண்ணெயில் போவதுபோலப் போயின. "பாத்தீங்ளா, நூலளவு" என்றான் முஸ்தபா. நல்லமுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது பாராட்டு.

மோனிஷா ஏறி, மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டினாள். நேராகப் போய் வலது ஓரத்துச் சேற்றில் இறங்கினாள். மறுபடி ஓட்டினாள். மறுபடி சேறு.

"ஃபிரேம்..." என்று ஆரம்பித்த நல்லமுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"வண்டி நேராத்தான் போகுது. இவதான் சாயுறா" என்றாள் வேலுத்தாய். "பத்து வயசுல இருந்து எடது பக்கம் இழுக்குற வண்டியை வலது பக்கம் இழுத்தே பழகிட்டா. இப்ப இழுக்குறதுக்கு எதிர்ல ஆளில்லை."

வண்டியை நிமிர்த்த நான்கு நாள் ஆனது. மகளை நிமிர்த்த அரை நாள்தான் இருந்தது. அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். மழையில், மஞ்சில், ஹெட்லைட் போட்டு. வேலுத்தாய் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்று, "தோளை எறக்கு! தோளு! தோளு!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் மூன்று சுற்று ஒழுங்காக வந்தது. நாலாவதில் சேறு.

*

ஞாயிற்றுக்கிழமை ஜின்சனின் வரவேற்புரை பந்தயத்தைவிட நீளமாக இருந்தது. பெண்கள் பிரிவில் ஐந்து பேர். ஒருத்தியின் வண்டி மழையில் ஸ்டார்ட் ஆகவில்லை. மோனிஷா முதல் வளைவிலேயே சேற்றுப் பக்கம் ஒதுங்கி, கடைசிக்குப் போனாள். கயிற்றோரத்தில் நின்ற வேலுத்தாய், ஒலிபெருக்கியைவிடச் சத்தமாக, "தோளு!" என்றாள். இரண்டாம் சுற்றில் ஒரு தோள் இறங்கியது தெரிந்தது. மூன்றாம் சுற்றில் மோனிஷா சேற்றைத் தொடவில்லை. கடைசி இறக்கத்தில், முன்னால் போனவளின் வலப்பக்கமாக, கயிறு பிடித்தது மாதிரி நேராக இறங்கினாள்.

நான்கு பேரில் மூன்றாவது. உலக சாதனை ஒன்றும் இல்லை. ஆனால் ஜின்சன் செய்யவைத்த மேடையில் மூன்று படி இருந்தது.

மெடலை மாட்டும்போது ஜின்சன் மைக்கில், "இது நம்முடைய சேஃப்டி பரிசோதனையின் வெற்றி" என்று அறிவித்தான். முஸ்தபா, "ஃபிரேமைப் பத்தி ஒரு வார்த்தை வருமுங்களா?" என்று கடைசிவரை காத்திருந்து, வராமல், காலையில் கொட்டகை ஆணியிலிருந்து எடுத்த சாவியோடு அங்கிருந்தே கிளம்பினான். வேலுத்தாய் ஒரு டப்பா நிறையப் பச்சை ஏலக்காய் கொடுத்தனுப்பினாள்.

வேலைத் தாள்களில் கையெழுத்துப் போட மோனிஷா பூங்காவில் இருந்துவிட்டாள். வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு நல்லமுத்துவுக்கு வந்தது. தோட்டத்துப் பாதையில் வேலுத்தாய் பின்னால் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. செடிகளிலிருந்து அதே ஆவி, அதே மணம். கொஞ்ச தூரம் போனதும் அவள் மெதுவாக முனகுவது அவன் முதுகில் கேட்டது. அந்தப் பழைய பாட்டு. இரண்டு அடிக்குமேல் அவளுக்கும் மறந்துபோயிருந்தது.

கலுங்கு வந்தது. கற்களுக்கு அந்த வருஷமும் வெள்ளையடித்திருந்தார்கள். அந்தப் பக்கம் யாரோ நின்று கையை ஆட்டினார்கள். நல்லமுத்து இரண்டு கையையும் பிடியிலிருந்து எடுக்காமல், தலையை மட்டும் ஆட்டினான்.

"நிறுத்துய்யா" என்றாள் வேலுத்தாய்.

நிறுத்தினான். அவள் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கலுங்கை நடந்தே கடந்தாள். அவன் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி, கடந்து வந்து நின்றான். அவள் மறுபடி ஏறி, வளைந்த மணிக்கட்டை அவன் இடுப்பில் போட்டுக்கொண்டாள்.

"என்ன புள்ள, பயமா?"

"ஆமா. இன்னிக்குப் பயந்துதான் இறங்குனேன். இதைப் போயிச் சொல்லு ஊருல."